அறுபது நொடியில் அறுந்த வேலை: டெம்பொரலுடன் ஒன்றரை வருடம்

டெண்டர் ஆவணங்களைப் படிக்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை எங்கள் சின்ன டீம் நடத்துகிறது. நீண்ட வேலைகள் பாதியில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் டெம்பொரல் என்ற மென்பொருளுக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதுதான் இந்தக் கதை. நானூறு பக்கம் இருந்தாலும் முழுவதையும் படித்து, தகுதி நிபந்தனை, முன்வைப்புத் தொகை, தாமத அபராதம் எல்லாவற்றையும் பிரித்து ஓர் அறிக்கையாகத் தரும். ஒரு டெண்டருக்கு ஏஐ மாடலை அறுபது முறையாவது அழைக்கும். சின்னதென்றால் பத்து நிமிடம், பெரியதென்றால் நாற்பது நிமிடம் ஆகும்.

ஆரம்பத்தில் பட்டனை அழுத்தினால் அதே கோரிக்கைக்குள் வேலை முடிந்து பதில் வர வேண்டும் என்று எழுதியிருந்தோம். பைத்தான் வெப் சர்வரான ஜியூனிகார்ன் 30 நொடியில் வொர்க்கரை, அதாவது வேலையைச் செய்யும் புராசஸை, நிறுத்தியது. அந்த வரம்பை ஏற்றினால், அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் என்ஜின்எக்ஸ் 60 நொடியில் அறுத்தது. அதையும் ஏற்றினால், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர் அறுத்தது. சர்வரை நாமே வைத்துக்கொள்ளத் தேவையில்லாத சர்வர்லெஸ் பக்கம் போகலாமென்றால் ஏடபிள்யூஎஸ் லேம்டாவின் உச்சவரம்பே 15 நிமிடம்தான். பயனருக்கு 504 என்ற டைம்-அவுட் பிழை தெரியும், அவர் மறுபடி அழுத்துவார், முதல் வேலையும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மாடலுக்குக் கொடுக்கும் டோக்கன் செலவு இரண்டு மடங்கு.

சரி, எல்லாரும் செய்வதைச் செய்தோம். கோரிக்கை வந்ததும் 202 ('ஏற்றுக்கொண்டோம்') என்று பதில் சொல்லி ஒரு வேலை எண்ணைக் கொடுத்துவிட்டு, வேலையை ஒரு க்யூவில் போட்டோம். க்யூ ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கில் இருக்கும், அதிலிருந்து எடுத்துப் பின்னணியில் வேலையை ஓட்டுவது செலரி. டைம்-அவுட் தொல்லை அன்றோடு தீர்ந்தது. எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஆனால் புதிய நிரலை டிப்ளாய் செய்யும்போதெல்லாம், எங்கள் புராசஸ்களை நிர்வகிக்கும் கூபர்னெட்டிஸ் பழைய வொர்க்கருக்கு 30 நொடி அவகாசம் கொடுத்து மூடிவிடும். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இருந்த வேலை அத்தோடு போயிற்று. அதற்காக, வேலை முடிந்த பிறகே வொர்க்கர் க்யூவுக்கு ஒப்புதல் தரும்படி மாற்றினோம்.

அங்கேதான் பெரிய அடி. ரெடிஸ் வழியாக ஓடும் செலரியில் விசிபிலிட்டி டைம்-அவுட் என்று ஒன்று உண்டு, இயல்பாக 1 மணி நேரம். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் அதே வேலை இன்னொரு வொர்க்கரிடம் போகும். இது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. ஒரு நாள், மாடலை இத்தனை முறைதான் அழைக்கலாம் என்ற ரேட் லிமிட்டில் மாட்டி ஒரு பெரிய டெண்டர் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. இரண்டு வொர்க்கர்கள் ஒரே டெண்டரைப் படித்தன. கிளையன்டுக்கு இரண்டு அறிக்கைகள் போயின, அபராத விதியைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறாக. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலை இரண்டு முறை ஓடினால் ஒரே விடைதான் இரண்டு தடவை வரும். மாடலை இரண்டு முறை கேட்டால் இரண்டு விடை வரும். பின்னணி வேலையில் ஏஜென்ட் தனி ரகம் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

அப்புறம்தான் டெம்பொரலுக்கு மாறினோம். ஊபரில் கேடன்ஸ் என்ற அமைப்பை உருவாக்கிய மாக்சிம் ஃபதேயெவும் சமர் அப்பாஸும் 2019இல் தொடங்கியது. ஓப்பன் சோர்ஸ், நாமே சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். வேலையின் போக்கு ஒர்க்ஃப்ளோ, வெளியுலகைத் தொடும் ஒவ்வொரு படியும் ஆக்டிவிட்டி. ஒவ்வொரு ஆக்டிவிட்டியின் விடையும் வரலாற்றில் பதிவாகும். வொர்க்கர் செத்தால் இன்னொன்று நிரலை முதலிலிருந்து ஓட்டும், ஆனால் முடிந்த படிகளுக்குப் பதிவான விடையையே எடுத்துக்கொள்ளும். நாற்பத்தோராவது அழைப்பில் விழுந்தால் முந்தைய நாற்பதுக்கும் கொடுத்த காசு வீணாகாது, அவற்றின் விடைகளும் மாறாது. எங்களுக்குத் தேவைப்பட்டது இதுதான்.

பழகக் கொஞ்சம் நாள் பிடித்தது. ஒர்க்ஃப்ளோ நிரலுக்குள் நேரடியாக நெட்வொர்க்கைத் தொடக் கூடாது, மாடல் அழைப்பு எப்போதும் ஆக்டிவிட்டியில்தான். அடுத்தது அளவு. ஒவ்வொரு அழைப்புக்கும் முழு உரையாடலையும் அனுப்பிக்கொண்டிருந்தோம். டெம்பொரலில் ஒரு தரவுத் துண்டுக்கு 2 எம்பி, மொத்த வரலாற்றுக்கு 50 எம்பி என்று வரம்பு. உரையாடல் வளர வளர வரலாறு ஊதிப்போனது. இப்போது உரை எஸ்3 என்ற ஏடபிள்யூஎஸ் கோப்புக் கிடங்கில் இருக்கும், ஆக்டிவிட்டிக்கு அதன் சாவி மட்டும் போகும். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மறுமுயற்சிதான் காசைத் தின்றது. டெம்பொரல் ஆக்டிவிட்டியை இயல்பாக எல்லையே இல்லாமல் மறுபடி முயலும். மாடலை அழைக்க அந்தந்த நிறுவனங்கள் தரும் பைத்தான் எஸ்டிகேக்களும் (நிரல் தொகுப்புகள்) தம் பங்குக்கு இரண்டு முறை முயலும். ஒன்றின் மேல் ஒன்று பெருகும். எஸ்டிகேயில் அதைப் பூஜ்யமாக்கினோம். 'உள்ளீடு மிக நீளம்' போன்ற பிழைகள் எத்தனை முறை முயன்றாலும் தேறாது என்பதால், அவற்றை மறுமுயற்சி வேண்டாதவை என்று குறித்துவிட்டோம்.

ஹார்ட்பீட்டை, அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஆக்டிவிட்டி அவ்வப்போது சர்வருக்கு அனுப்பும் குறிப்பை, விடாதீர்கள். மாடல் எட்டு நிமிடம் யோசிக்கும்போது வொர்க்கர் உயிரோடு இருக்கிறதா என்று சர்வருக்குச் சீக்கிரம் தெரிய வேறு வழியில்லை. பயனர் 'ரத்து செய்' என்று அழுத்தியதும் ஹார்ட்பீட் வழியாகத்தான் ஆக்டிவிட்டிக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று, ஆக்டிவிட்டி ஒரே ஒரு முறைதான் ஓடும் என்ற உத்தரவாதம் இங்கும் இல்லை. மெயில் போன பிறகு, முடிந்தது என்று சொல்வதற்குள் வொர்க்கர் விழுந்தால் மெயில் மறுபடி போகும். ஒர்க்ஃப்ளோ எண்ணையும் படியின் பெயரையும் சேர்த்து, ஒரே சாவி இரண்டு முறை ஏறாதபடி நாங்களே ஒரு டேபிள் வைத்திருக்கிறோம். இரட்டை அறிக்கைக்குப் பிறகு இதில் எனக்குச் சமரசமே இல்லை.

ஓபன்ஏஐ 2025 மே மாதம் தன் மாடல்களை அழைக்கும் ரெஸ்பான்சஸ் ஏபிஐயில் பின்னணி முறையைக் கொண்டுவந்தது. நீளமான ஒற்றை அழைப்புக்கு அது அருமை, இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் அறுபது அழைப்புகளைக் கோத்து நடத்துவது நம் பொறுப்புதான். உங்கள் வேலை நாலைந்து நிமிடத்தில் முடியும், படிகளும் குறைவு என்றால் டெம்பொரல் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு டேபிளும், இன்னொரு வொர்க்கர் பிடித்துவைத்திருக்கும் வரிகளைத் தாண்டிப்போக 9.5 பதிப்பிலிருந்து உள்ள 'ஸ்கிப் லாக்டு' வசதியும் போதும். ஒரு சர்வரைக் கூடுதலாகப் பராமரிப்பது சின்ன வேலை இல்லை.

எங்களுக்கு அது தகும், காரணம் மனித ஒப்புதல். அறிக்கையை அனுப்புமுன் கிளையன்ட் தரப்பில் ஒருவர் பார்த்து ஒப்ப வேண்டும். அதுவரை ஒர்க்ஃப்ளோ எந்த வொர்க்கரையும் பிடித்துவைக்காமல் காத்திருக்கும். ஒரு டெண்டர் பத்தொன்பது நாள் அப்படிக் காத்திருந்தது. அதற்குள் நாங்கள் நிரலை மாற்றியிருந்தோம். பழைய வரலாறு புதிய நிரலோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒர்க்ஃப்ளோ அப்படியே நின்றுவிடும். அதனால், முன்பே தொடங்கிய ஒர்க்ஃப்ளோ என்றால் பழைய வழியிலேயே போகச் சொல்லும் ஒரு பேட்ச் நிபந்தனைக்குள் அந்தப் பழைய வழியை விட்டுவைத்திருந்தோம். இருபதாம் நாள் காலையில் ஒப்புதல் வந்தது, பழைய வழியிலேயே ஓடி அறிக்கை போனது, ஒன்றே ஒன்று. மறுநாள் அந்தப் பேட்ச் வரிகளை நீக்கினேன்.