வுல்வரின் மூவிமேக்கர் புரோ: 8 மிமீ பிலிமை வீட்டிலேயே டிஜிட்டலாக்க

பழைய 8 மிமீ பிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டி, திரையில் விழுவதை மொபைலில் பிடித்தால் படம் மினுக்கும், ஓரங்கள் இருண்டுபோகும். காய்ந்த பிலிம் கிழியவும் கூடும். வுல்வரின் மூவிமேக்கர் புரோ என்ற ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, எல்இடி ஒளியில் படமெடுத்து, 1080பி எம்பி4 கோப்பாக எஸ்டி கார்டில் சேமிக்கிறது. வேகம் நொடிக்கு சுமார் 2 ஃபிரேம். 50 அடி சூப்பர் 8 சுருளில் 3,600 ஃபிரேம் இருப்பதால் அரை மணி நேரம் ஆகும், 400 அடிக்கு 4 மணி நேரம்.

8 மிமீ பிலிமின் ரெகுலர் 8, சூப்பர் 8 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே இதில் ஓடும். பிலிமின் ஓரத்தில் உள்ள துளை பெரிதாக, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுக்கோட்டில் இருந்தால் ரெகுலர் 8. சிறிதாக, ஃபிரேமின் நடுவுக்கு நேராக இருந்தால் 1965-இல் வந்த சூப்பர் 8. மெனுவில் வகையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் முழுச் சுருளின் ஸ்கேனும் வீண். ஒலி பதிவாகாது. ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தப் பட்டை தெரிந்தால் அந்தச் சுருளை ஒலியையும் எடுக்கும் ஸ்டுடியோவுக்கு அனுப்புவதே சரி.

பாதி வேலை ஸ்கேனரை ஆன் செய்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பருத்திக் கையுறை அணிந்து, பிலிமின் இரு ஓரங்களையும் விரலிடையில் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். கிழிந்த துளையும், இரு துண்டுகளை இணைத்த இடத்தில் விட்டுப்போன ஒட்டும் கையில் தட்டுப்படும். பழைய ஒட்டு டேப்பை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். பிலிமை இழுப்பது துளையில் மாட்டும் சிறு கொக்கிதான். துளை சரியில்லாத இடத்தில் அது வழுக்கும், படம் மேலும் கீழும் குதிக்கும். ஒட்டு எதுவும் இல்லாமலே குதித்தால் பிலிம் விறைப்பாக இழுபடுகிறது என்று பொருள். சுருள் தடையின்றிச் சுழல்கிறதா, உருளையில் உரசுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுருளுக்கும் பிறகு, படமெடுக்க ஃபிரேம் நிற்கும் இடமான ‘கேட்’டைத் தூரிகையால் துடையுங்கள். அங்கே ஒரு முடி சிக்கினால் கடைசி ஃபிரேம் வரை அது திரையில் நிற்கும்.

அமைப்புகளில் ஷார்ப்னெஸை ‘லோ’வில் வையுங்கள். கூட்டினால் பிலிமின் மணித்துகள்கள் முரடாகி, முகங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். எக்ஸ்போஷரைச் சற்றே குறைத்து வைப்பது நல்லது. இருண்ட பகுதியைப் பின்னால் ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க வழியே இல்லை. ஃபிரேமின் கறுப்பு விளிம்பு லேசாகத் தெரியும்படி வைத்துவிட்டு, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவியின் பெரிய குறை வெளிவரும் கோப்பில் இருக்கிறது. எல்லாவற்றையும் நொடிக்கு 20 ஃபிரேம் என்று எழுதிவிடுகிறது. சூப்பர் 8 பெரும்பாலும் 18-இல், ரெகுலர் 8 பெரும்பாலும் 16-இல் எடுக்கப்பட்டவை. அதனால் எல்லாரும் பரபரவென்று நடப்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் சூப்பர் 8-க்கு வேகத்தை 90%, ரெகுலர் 8-க்கு 80% ஆக்கினால் நடை சரியாகிவிடும். இன்னொரு குறையைச் சரிசெய்யவே முடியாது: வீடியோ கோப்பை அளவுக்கு அதிகமாகச் சுருக்கி (கம்ப்ரெஸ்) எழுதுவதால் இலை, அலை, புல்வெளி போன்ற இடங்களில் நுணுக்கம் குழைந்துவிடுகிறது.

ஆகவே, நல்ல நிலையில் உள்ள பத்திருபது மௌனச் சுருள்களைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். இரண்டு மூன்று சுருள்தான் என்றால் ஸ்டுடியோவில் கொடுப்பதே மலிவு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் இதில் மாட்டவே வேண்டாம். பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதைந்து பிலிம் சுருங்கியிருக்கும். துளைகளின் இடைவெளி மாறியிருப்பதால் கொக்கி ஓரத்தைக் கிழித்துவிடும். லேசர்கிராஃபிக்ஸ் ஸ்கேன்ஸ்டேஷன் போன்ற, துளையைப் பிடித்து இழுக்காத ஸ்கேனர் இருக்கும் இடமாகக் கேட்டு அனுப்புங்கள். அதுவரை அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அதிலிருந்து வெளியேறும் அமிலம் பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும்.