ஏத்தத்துக்கு எந்த மோட்டார்: ஹப்பா, மிட் டிரைவா?

2022-இல் இலங்கையில் பெற்றோல் வரிசையும், கியூஆர் கோடு காட்டி அளந்து வாங்கும் பெற்றோல் கோட்டாவும் படுத்திய பாட்டில், மலையகத்திலும் பலர் மூலையில் கிடந்த சைக்கிளை வெளியே எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் ஏறி உட்கார்ந்து மிதித்துவிடலாம். இங்கே வாசலைத் தாண்டினாலே ஏத்தம். அதனால் சைக்கிளுக்கு மோட்டார் மாட்டும் யோசனை எங்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. என் கியர் சைக்கிளில் இப்போது மிட் டிரைவ் ஓடுகிறது, மச்சானுடையதில் பின் சக்கர ஹப். இரண்டையும் ஒரே ரோட்டில் மாறி மாறி ஓட்டிப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் மிட் டிரைவ் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஹப் என்றால் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். மிட் டிரைவ் பெடல் க்ராங் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செயினை இழுக்கும். பாஃபாங், டோங்ஷெங் கம்பனிகள் இந்த இரண்டாவது வகைக் கிட்டுகளைச் செய்கின்றன. ஹப் மலிவு, மாட்டுவதும் சுலபம். முன் சக்கர ஹப்பை மட்டும் மலையில் நினைக்கவே வேண்டாம். ஏத்தத்தில் பாரம் பின்னுக்குப் போய்விடுவதால், மழை நேரத்தில் முன் டயர் ரோட்டைப் பிடிக்காமல் சுழலும். அலுமினிய போர்க்கில் மாட்டினால் அச்சே தான் உட்காரும் போர்க் வாயை உடைத்துக்கொண்டு கழன்று வரவும் கூடும். எனவே போட்டி பின் ஹப்புக்கும் மிட் டிரைவுக்கும்தான்.

கடைக்காரர்கள் 250 வாட், 350, 500 என்று வாட் கணக்கைத்தான் சொல்வார்கள். தட்டை ரோட்டில் அது சரி. தோட்டத்து ரோட்டில் பார்க்க வேண்டியது, மெதுவாகப் போகும்போது மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை. ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறும் ரோட்டில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் போக, பாரத்தைத் தூக்க மட்டும் சுமார் 270 வாட் வேண்டும். நீங்கள் மூச்சு வாங்க மிதித்து 100 வாட் கொடுத்தால் மிச்சம் மோட்டாரின் தலையில். அந்த வேகத்தில் 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 80 தடவைதான் சுற்றும். சாதாரண ஹப்போ 200, 250 சுற்றுக்குச் செய்யப்பட்டது. அதை 80-இல் பிடித்து வைத்து இழுக்கச் சொன்னால், உள்ளே போகும் கரண்டில் பாதியளவு சூடாகவே போய்விடும். சூடு வெளியேறவும் வழியில்லை. சுருள் எல்லாம் மூடிய டப்பாவுக்குள், சுற்றிலும் காற்று, அதற்கு வெளியேதான் ஓடு.

மச்சானின் வண்டியில் இதைக் கையாலேயே பார்க்கலாம். டவுனிலிருந்து அரிசியும் மாவும் கட்டிக்கொண்டு மேட்டு லயம் வரை ஏறி வந்த பிறகு ஹப் மூடியில் உள்ளங்கையை வைத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். வெளியே அந்தச் சூடு என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும்? உள்ளே நைலோன் பற்சக்கரம் வைத்த ஹப் என்றால் அந்தப் பல்லும் சேர்ந்து வேகிறது. பாதி வழியில் இறங்கி ஆறவிட்டுப் போவது அவருக்குப் பழகிவிட்டது, அங்கேயே ஒரு தேத்தண்ணிக் கடையும் இருக்கிறது.

மிட் டிரைவில் இதே ஏத்தத்துக்குப் பின்னால் 34 பல் உள்ள பெரிய பற்சக்கரத்துக்கு மாறிவிடுவேன். முன்னால் 44 பல். சக்கரம் 80 சுற்றினாலும் க்ராங் 60-க்கு மேல் சுற்றும். நம் காலுக்கும் அது வசதியான வேகம், மோட்டாரும் திணறாது. கார்க்காரன் ஏத்தத்தில் கியரைக் குறைக்கிற மாதிரிதான், வேறு வித்தை இல்லை.

பெட்டரியிலும் வித்தியாசம் தெரியும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு எட்டு கிலோமீற்றர் அளவு, ஏறுவது சுமார் 250 மீற்றர். அந்த 100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கக் கணக்குப்படி 70 வாட்மணி போதும். வழியில் வீணாவதையும் சேர்த்து நூறு என்று வைத்தாலும் 36 வோல்ட், 10 ஆம்பியர்மணி பெட்டரியில், அதாவது 360 வாட்மணியில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதே ஏத்தம் செங்குத்தாகக் குவிந்திருக்கும் தோட்டத்து ரோட்டில் ஹப்புக்கு அந்தச் செலவு மளமளவென்று கூடும்.

சரி, மிட் டிரைவில் குறையே இல்லையா? இருக்கிறது. மோட்டாரின் இழுவை முழுவதும் செயின் வழியாகப் போவதால் செயினும் பின் பற்சக்கரமும் சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் மண்ணும் சேறும் சேர்ந்தால் இன்னும் மோசம். வாரம் ஒருமுறை துணியால் துடைத்து எண்ணெய் போடுகிறேன். கியர் மாற்றும் அந்த ஒரு கணம் மிதிப்பதைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சடக்கென்று ஒரு சத்தம், அடுத்தது செயின் கையில். இந்தக் கிட்டுகளுக்குள்ளும் நைலோன் பல் ஒன்று உண்டு, தேய்ந்தால் மாற்றலாம். என்னுடையது இன்னும் தேயவில்லை, ஆகவே அதன் ஆயுள் பற்றி நான் பேசுவது சரியாக இருக்காது. கிட் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்தேன். ஹட்டனில் தேடி அலைய முடியாதே.

இறக்கம் பற்றி ஒரு வார்த்தை. பல் இல்லாத, எடை கூடிய நேரடி ஹப் வகை இறக்கத்தில் பிரேக்காகவும் உதவும், பெட்டரியையும் கொஞ்சம் நிரப்பும் என்பார்கள். நான் அதை ஓட்டியதில்லை. ஆனால் வீடு மேலே, டவுன் கீழே என்றால் காலையில் முழுச் சார்ஜோடுதானே புறப்படுவோம்? நிரம்பிய பெட்டரிக்குள் எதை ஊற்றுவது? மிட் டிரைவிலும் பல் வைத்த ஹப்பிலும் அந்த உதவி கிடையாது, பிரேக் கட்டையைத்தான் நம்ப வேண்டும். எந்த மோட்டார் மாட்டினாலும் வண்டி முன்னைவிடப் பாரமாகிவிடும் என்பதால் முதலில் பிரேக்கைச் சரி பண்ணுங்கள்.

மாட்டுகிறவர்களுக்கு: மிட் டிரைவுக்குப் பழைய க்ராங்கையும் அதன் அச்சையும் கழற்ற வேண்டும். அந்த அச்சைப் பிடித்திருக்கும் கப்புகளில், செயின் இருக்கும் வலப்பக்கக் கப்பின் மரை பெரும்பாலான சைக்கிள்களில் எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பி, வரவில்லை என்று ஸ்பானரில் பைப்பை மாட்டி ஏறி நின்றால் மரை போய்விடும். பிரேமில் க்ராங் அச்சு போகும் குழாய் 68 அல்லது 73 மில்லிமீற்றர் அகலமா என்பதையும் அளந்துவிட்டு ஓர்டர் பண்ணுங்கள்.

இத்தனையும் கியர் உள்ள சைக்கிளுக்கு. பின்னால் ஒற்றைப் பற்சக்கரம் மட்டும் உள்ள பழைய லுமாலா சைக்கிளில் மிட் டிரைவ் மாட்டினால் கூடக் கொடுத்த காசு வீண், ஏனென்றால் மாற்றக் கியர் இல்லை. அவர்களுக்குப் பின் ஹப்தான். பின் போர்க்கின் இடைவெளி போதுமா என்று முதலில் பாருங்கள், பழைய வண்டிகளில் ஒடுக்கமாக இருக்கும். கடையில் வாட்டைக் கேட்பதற்கு முன் சுற்றைக் கேளுங்கள். ஒரே ஹப் 200 சுற்றிலும் வரும், 300-க்கு மேலும் வரும். மலைக்கு 200 பக்கம் உள்ளதை எடுங்கள். தட்டையில் மணிக்கு 25-ஐத் தாண்டாது, பரவாயில்லை. இங்கே தட்டை ரோடு எங்கே இருக்கிறது?