விசைப்படகில் டிரான்ஸ்பாண்டர்: வாங்கிப் பொருத்தலாமா?

பாம்பனில் எங்கள் விசைப்படகில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறோம். அரசுத் திட்டத்தில் இலவசம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் சிக்னல் போய்விடும். இது செயற்கைக்கோள் வழியாகப் பேசும். போனை புளூடூத்தில் இணைத்தால் புயல் எச்சரிக்கையும் எல்லை எச்சரிக்கையும் வரும். ஆபத்தென்றால் கரைக்குத் தகவல் அனுப்பலாம்.

எல்லை எச்சரிக்கைதான் எனக்குப் பெரிது. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது, கடலில் ஒரு கோடு விழுந்தது. ராத்திரி வலை இழுக்கையில் நீவாடு (கடல் நீரோட்டம்) படகை எந்தப் பக்கம் தள்ளுகிறதென்று எப்படித் தெரியும்? போன வாரம் எச்சரிக்கை வந்ததும் மச்சான் பாதி வலையோடு படகைத் திருப்பிவிட்டார். இறால் பாடு (பிடிப்பு) போச்சு. ஐந்து பேரும் வீடு வந்து சேர்ந்தோம்.

பொருத்த வந்தவர் மேல்தான் கோபம். வயர் முனையில் வெறும் டேப்பைச் சுற்றிவிட்டுப் போனார். இரண்டே வாரத்தில் உப்பேறிச் செம்பு பச்சை பூத்துவிட்டது. நானே பிரித்து, சுரண்டி, கிரீஸ் தடவினேன். பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

இன்னொன்று. படகு நிற்கும் இடம் இந்தக் கருவியால் கரையில் தெரிகிறது. உயிர் காக்க அது வேண்டும். ஆனால் நாங்கள் பாடு எடுக்கும் இடம் வியாபாரி கைக்குப் போகக்கூடாது. அந்த உறுதியை அரசு எழுத்தில் தரவேண்டும்.