மெகர் ரீடிங்கை மட்டும் காட்டி மோட்டாரைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

எங்கள் க்ரஷரின் 150 எச்.பி. மோட்டார் காயில் போனதும், பெயரெடுத்த ஒரு ரீவைண்டிங் பட்டறையில் கொடுத்தோம். புதுக் காயில் கட்டி, பெயின்ட் அடித்து, 'டெஸ்ட் ஓகே' என்று சீல் வைத்த தாளோடு அனுப்பினார்கள். தாளில் இருந்தது ஒரே டெஸ்ட்தான்: மெகர், அதாவது இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர், காட்டிய 200 மெகாஓம்.

மாட்டி ஓட்டினால், லோடு இல்லாமலேயே ஒரு ஃபேஸில் மட்டும் ஆம்ஸ் ஏறி நின்றது. போன் செய்தால், "உங்க ஈ.பி. சப்ளை சரியில்ல சார், மோட்டார் பக்காவா இருக்கு" என்றார் பட்டறைக்காரர். எதில் கோளாறு என்று பார்க்க எளிய வழி உண்டு. மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று ஒயரையும் ஒரு இடம் தள்ளி மாட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்து நகர்வதால் சுற்றும் திசை மாறாது. அப்புறம் மோட்டார் பக்க ஒயர்களில் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்ஸ் காட்டும் மீட்டர்) போட்டுப் பாருங்கள். அதிக ஆம்ஸ் பழைய ஒயரிலேயே நின்றால் மோட்டாரில் கோளாறு. வேறு ஒயருக்குப் போனால் சப்ளையில். எங்களுக்கு அது இம்மியும் நகரவில்லை. சொன்னேன். ஆள் அனுப்புகிறேன் என்று இழுத்தடித்தார். அதற்குள் புகை வந்துவிட்டது.

வாரன்டி கேட்டால், சிங்கிள் ஃபேஸிங்கில் (சப்ளையில் ஒரு ஃபேஸ் போய்விடுவதில்) எரிந்தது, தான் பொறுப்பில்லை என்கிறார். அப்பட்டமான பொய். சிங்கிள் ஃபேஸிங் என்றால் ஒன்றிரண்டு ஃபேஸின் காயில்கள் முழுக்க, சீரான இடைவெளியில் கருகியிருக்கும். ஓவர்லோடு என்றால் சுற்றிலும் ஒரே மாதிரி கருகும். எங்களுடையதில் ஒரே காயில், கையகல இடத்தில், தாமிரம் உருகி மணிமணியாக நிற்கிறது. பக்கத்துக் காயிலில் வார்னிஷ் புதுசாக மினுங்குகிறது. காயிலுக்குள்ளேயே சுற்றோடு சுற்று ஷார்ட் ஆனதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இதை மெகர் காட்டாது. அது பார்ப்பது காயிலுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இன்சுலேஷனை. உள்ளே சுற்றுகள் ஒட்டிக் கிடந்தாலும் 200 மெகாஓம் ஜம்மென்று வரும். ரோட்டரை மாட்டுவதற்கு முன் சர்ஜ் டெஸ்ட் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் உயர் வோல்டேஜ் பல்ஸ் கொடுத்து, அலைகளைத் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். நல்ல காயில் என்றால் மூன்றும் ஒன்றாகப் படியும், ஷார்ட் இருந்தால் ஒன்று விலகும். அந்தக் கருவியே இல்லாமல் இவ்வளவு பெரிய மோட்டாரை வாங்கிப் போட்டார்களே, அதுதான் ஆத்திரம்.

கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்: சர்ஜ் டெஸ்ட், மூன்று ஃபேஸின் ரெசிஸ்டன்ஸ், லோடு இல்லாத ஆம்ஸ், எல்லாம் எழுத்தில் வேண்டும். பழைய காயிலை கேஸ் டார்ச்சில் கொளுத்தி எடுப்பவர்களிடம் கொடுக்கவே வேண்டாம். காயில் உட்காரும் கோர், ஸ்டாம்பிங் எனும் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கியது; அந்தத் தகடுகளின் இன்சுலேஷன் பூச்சு எரிந்து போனால், எவ்வளவு நல்ல காயில் கட்டினாலும் கோர் சூடாகும்.

எரிந்துவிட்டால் உடனே அதே பட்டறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். காயிலை வெட்டி எடுத்துவிட்டால் ஆதாரம் போச்சு. முதலில் மூடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.