நுளம்புக்கடிக்குக் கலமைன் லோஷன்: வீட்டுக் கைமருந்துகளோட சேர்த்துப் பாவிச்சுப் பாத்தது

மாரி தொடங்கினா உப்புவெளிப் பக்கம் நுளம்பு எப்பிடியெண்டு இங்க இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. என்ட சின்னவளுக்கு 6 வயசு, ஒரு கடி பட்டாலே அஞ்சு ரூபாக் குத்தி அளவுக்குத் தடிச்சிடும், ராவு முழுக்கச் சொறிஞ்சு சொறிஞ்சு விடிய எழும்பிப் பாத்தா நகத்துக்குள்ள ரத்தம். பாக்கேலாமத்தான் கையில கிடைச்ச எல்லாத்தையும் பூசிப் பாத்தன், கடைசியா வீட்டில நிண்டது பாமசியில விக்கிற அந்த ரோஸ் கலர் கலமைன் லோஷன்.

போத்தல நல்லாக் குலுக்கோணும், இல்லாட்டி மருந்து அடியில படிஞ்சு வெறும் தண்ணிதான் வரும். முதல் தரம் குலுக்காமப் பூசிட்டு, இது சரிவராதெண்டு ரெண்டு கிழமை மூலையில வச்சிருந்தன். பஞ்சில தொட்டு வச்சிட்டுக் காய விடுங்கோ, காயேக்க வாற குளிர்ச்சியிலதான் கடி அடங்குது. காஞ்சாப்பிறகு முழங்கால மடக்கினா பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி வெடிச்சு உதிரும், கறுப்பு உடுப்பில பட்டாத் தெரியும், தெரியட்டும், பிள்ள நித்திர கொள்ளுறாள். உள்ள இருக்கிறது துத்தநாக ஒக்சைட்டும் கொஞ்சம் இரும்பு ஒக்சைட்டும், அந்த ரோஸ் நிறம் இரும்பால வாறது. சொறிஞ்சு தோல் கிழிஞ்ச இடத்தில மட்டும் பூசாதேங்கோ.

ஆனா கடிச்ச உடன ஐஸ்தான். நுளம்பு ரத்தம் உறிஞ்சேக்க விடுற எச்சில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமத்தான் தடிக்குது, சொறியச் சொறியக் கூடும், அதால சொறிய முதல் ஐஸ் கட்டியத் துணியில சுத்தி 10 நிமிசம் வைங்கோ. அப்பச்சோடாவ ரெண்டு சொட்டுத் தண்ணியில குழைச்சுப் பூசிக் கழுவினா ஓரளவுக்குக் கேக்கும். கற்றாழையும் நல்லது, ஆனா மடல வெட்டின உடன ஒரு மஞ்சள் பால் வடியும், அத வடிய விட்டுக் கழுவிட்டு உள்ச்சதைய மட்டும் எடுக்கோணும், அந்தப் பாலே சில பேருக்குக் கடிக்கும்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அம்மம்மா தொட்டு வைக்கச் சொன்னா, அவ சொன்னா மறுக்கேலாது, வச்சன், பிள்ளையின்ட தோல் வெந்துபோச்சு, கணுக்காலில அந்தக் கறுத்தத் தழும்பு இண்டைக்கும் இருக்கு. தேசிக்காய்ப் புளியப் பூசிட்டு நிலாவெளிக் கடற்கரையில வெயிலுக்க விளையாட விடுறதும் அப்பிடித்தான், தோல் கொப்பளிச்சிடும். தயவு செய்து சின்னப்பிள்ளையளுக்கு இந்த ரெண்டையும் தொடாதேங்கோ. கடியோட காய்ச்சலும் வந்தா இந்த மருந்தொண்டும் காணாது, டெங்கா இருக்கலாம், பரசிட்டமோல விட வேற நோக்குளிசை குடுக்காம உடன ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ.

ஒரு போத்தல் எங்களுக்கு ஒரு மாரிக்குக் காணும். இப்ப நான் சொல்லத் தேவையில்ல, சின்னவள் தானே போத்தலக் குலுக்கிக்கொண்டு வந்து கால நீட்டுறாள்.