ஆர்க்கைவ் தளம்: அறிவியல் செய்தியை மூலத்திலேயே படிக்க

அறிவியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள், செய்திக்கு ஆதாரமான ஆய்வுக் கட்டுரையைத் தாமே திறந்து பார்க்க விரும்பினால், இயற்பியல், வானியல், கணிதம், கணினியியல் ஆகிய துறைகளுக்கு ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தை விடச் சிறந்த இடம் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1991-இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய இச்சேவை 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இதில் உள்ளன. படிக்கக் கட்டணம் இல்லை. கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. புதிய கட்டுரைகளின் பட்டியல் திங்கள் முதல் வெள்ளி வரை, இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்கு, அமெரிக்கக் குளிர்காலத்தில் 6.30 மணிக்கு, வெளியாகிறது.

இத்தளத்தில் நான் பெரிதும் மதிப்பது, கட்டுரை திருத்தப்பட்டாலும் அதன் பழைய வடிவங்கள் அழிக்கப்படாமல் இருப்பதையே. ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில், இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்தை நோக்கி அனுப்பப்பட்ட நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியையும் முந்திவிட்டதாக 2011 செப்டம்பரில் ஓபரா குழு அறிவித்தது. அக்கட்டுரையின் பக்கத்தை இன்று திறந்தாலும் நான்கு வடிவங்களையும் தேதி வாரியாகப் பார்க்கலாம். முதல் வடிவத்தின் சுருக்கத்தில் முந்திய நேரம் சுமார் 60 நானோவினாடி என்று இருக்கிறது. ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாதிருந்தது தெரியவந்த பின், 2012 ஜூலையில் ஏற்றப்பட்ட நான்காம் வடிவத்திலோ, அந்த வேறுபாடு அளவீட்டுப் பிழையின் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. தலைப்பு மட்டும் மாறவில்லை. ஒரு முடிவு எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சேவை பாராட்டுக்குரியது.

ஆயினும், இங்கே வெளியாவதெல்லாம் சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டைக் கடந்து வந்தவை அல்ல. கட்டுரை ஆய்வுத் தரத்தில் இருக்கிறதா, உரிய பிரிவில் இருக்கிறதா என்பதைத்தான் நெறியாளர்கள் பார்க்கிறார்கள். முடிவு சரியா என்று சோதிப்பதில்லை. கணிதத்தின் புகழ்பெற்ற புதிர்களில் ஒன்றான புவான்காரே ஊகத்துக்கான நிரூபணத்தை ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் 2002 நவம்பரில் வெளியிடத் தொடங்கியதும் இங்கேதான். அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது, என்று 2023 ஜூலையில் தென்கொரியக் குழுவொன்று கூறிய எல்கே-99 என்ற பொருளைப் பற்றிய கட்டுரை வெளியானதும் இங்கேதான். பின்னதை மறுத்த கட்டுரைகளும் சில வாரங்களில் இதே தளத்தில் வந்தன. ஆகவே, பரபரப்பான கட்டுரையைப் படிப்பவர்கள் அதே பொருள் குறித்து அடுத்தடுத்து வருபவற்றையும் தேடிப் படிப்பது அவசியம்.

குறைகளும் உண்டு. தேடுபொறி போதுமானதாக இல்லை. பொதுவான சொல்லை இட்டால் தொடர்பில்லாத முடிவுகள் குவிகின்றன. துறை சாராதவர்களுக்கான எளிய விளக்கம் எங்குமே கிடையாது. பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகளாக அச்சிடப்பட்ட பிடிஎஃப் கோப்பைக் கைபேசியில் படிப்பது பெரும் சிரமமாக இருந்தது; 2023 டிசம்பர் முதல் புதிய கட்டுரைகள் பலவற்றுக்கு இணையப் பக்க வடிவமும் தரப்படுவதால் அச்சிரமம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, சில கட்டுரைகளில் சமன்பாடுகளும் அட்டவணைகளும் சிதைந்து தெரிந்தாலும்.