அஜைல் முதிர்ச்சி: நோக்கியா டெஸ்ட், ஹெல்த் செக், டோரா - எது உண்மையைச் சொல்லும்?

சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து அடிக்கடி வெளியிடும் மென்பொருள் வேலைமுறைதான் அஜைல்; அதில் ஒரு டீம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று எதை வைத்து அளப்பது? ஸ்டாண்டப் என்ற தினசரிக் கூட்டம் தவறுவதில்லை, வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் டிக்கெட்டுகளும் நகர்கின்றன. ரிலீஸ் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இப்படி ஒரு டீமுக்கு நோக்கியா டெஸ்ட்டில் நல்ல மதிப்பெண்ணே கிடைக்கலாம்.

பாஸ் வொட்டே உருவாக்கிய சின்னக் கேள்விப் பட்டியல் அது; மதிப்பெண் முறையைப் பிறகு சேர்த்தவர், ஸ்கிரம் முறையை (ஸ்பிரிண்ட் என்ற குறுகிய சுற்றுகளாக வேலை செய்வது) உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் சதர்லேண்ட். ஸ்பிரிண்ட் முடிவில் டெஸ்டிங்கும் முடிந்துவிடுகிறதா, எஸ்டிமேட் போடுவது டீம்தானா, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் யாரென்று தெரியுமா, மேனேஜர் நடுவில் புகுந்து வேலையைக் கலைக்கிறாரா என்று கேட்கும். ஸ்கிரமுக்குப் புதியவர்களுக்குப் போதும். ஸ்பிரிண்ட் இல்லாமல் வேலையைத் தொடர்ச்சியாக எடுத்துச் செய்யும் கான்பான் டீமுக்கு ஒத்துவராது.

ஸ்பாட்டிஃபை 2014இல் வெளியிட்ட ஸ்குவாட் (அங்கே டீமுக்கு அந்தப் பெயர்) ஹெல்த் செக் வேறு ரகம். கோடின் தரம், ரிலீஸ் செய்வதில் உள்ள சிரமம், கற்றல் என்று தலைப்புக்கு ஒரு அட்டை. டீமே பேசி பச்சை, மஞ்சள், சிவப்பு வைக்கும். நிலைமை ஏறுமுகமா இறங்குமுகமா என்று அம்புக்குறியும் போடும். நிறத்தைவிட அம்புதான் முக்கியம். இதை அப்ரைசலோடு முடிச்சுப் போட்டால் அடுத்த முறை எல்லாமே பச்சையாகத்தான் வரும்.

டோரா என்பது மென்பொருள் டீம்களை ஆராயும் ஒரு திட்டம்; அதன் அளவுகளுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, டெப்ளாய் (பயன்பாட்டுக்கு வெளியிடுவது) பற்றிய லாகிலிருந்தே எடுத்துவிடலாம். எத்தனை முறை டெப்ளாய், கமிட் ஆன (சேமித்த) கோடு ப்ரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரம் (லீட் டைம்), எத்தனை சதவீதம் சொதப்பியது, சரிசெய்ய எவ்வளவு நேரம்: அடிப்படை அளவுகள் இந்த நான்கும். 20 டெப்ளாயில் 3 ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது) என்றால் தோல்வி 15%. ஹாட்ஃபிக்ஸும் (அவசரத் திருத்தம்) ஒரு டெப்ளாய்தான் என்பதால், சொதப்பும் டீமின் எண்ணிக்கை தானாகவே ஏறும். ஆகவே முதல் அளவைத் தனியாகப் படிக்கக் கூடாது. லீட் டைமுக்குச் சராசரி வேண்டாம், மீடியன் (நடு மதிப்பு) எடுங்கள். 40 நாள் தூங்கிய ஒரே பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) சராசரியைக் கெடுத்துவிடும். ஆப் ஸ்டோர் அனுமதிக்குக் காத்திருக்கும் மொபைல் டீமை வெப் டீமோடு ஒப்பிடுவதும் வீண். வாடிக்கையாளருக்குத் தேவையானதைத்தான் கட்டுகிறோமா என்பதை மட்டும் டோராவால் சொல்ல முடியாது.

சிஎம்எம்ஐ லெவல் (நிறுவனத்தின் செயல்முறை முதிர்ச்சிக்குத் தரும் தரநிலை)? கிளையன்ட் ஒப்பந்தத்தில் கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும், அது வேறு கணக்கு.

ஓராண்டு தாண்டிய டீம் என்றால் என் தேர்வு டோரா. எண் ஏன் அப்படி என்று பேச ஹெல்த் செக். லீட் டைம் குறையவே இல்லையா? புல் ரிக்வெஸ்ட்டிலிருந்து (மாற்றிய கோடைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது) முதல் ரிவ்யூ வரை, ரிவ்யூவிலிருந்து மெர்ஜ் (சேர்ப்பது) வரை, மெர்ஜிலிருந்து டெப்ளாய் வரை என்று பிரித்துப் பாருங்கள். முதல் துண்டு நீளம் என்றால் ரிவ்யூ செய்ய ஆள் போதவில்லை, அல்லது புல் ரிக்வெஸ்ட் ரொம்பப் பெரிது. கடைசித் துண்டு நீளம் என்றால் பெரும்பாலும் கையால் செய்யும் ரிக்ரெஷன் டெஸ்டிங்கில் (பழையது எதுவும் உடையவில்லையே என்று பார்ப்பது) நிற்கிறது.